எண்பது சதவீத ஈரம்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் சென்னையில் சுங்கத்துறையினர் ஓர் அஞ்சல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். போலந்து நாட்டிலிருந்து வந்தது அது. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள். அவற்றுக்குள் உயிருள்ள சிலந்திகள். வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் விலங்கியல் ஆய்வகத்தாரும் பார்த்துவிட்டு, அவை மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கா, தென்னமெரிக்கா பகுதிகளைச் சேர்ந்த டாரன்டுலாக்களாக இருக்கக்கூடும் என்றார்கள். இறக்குமதிக்கு உரிமம் இல்லை, உடல்நலச் சான்று இல்லை. ஆகவே வந்த வழியே போலந்துக்குத் திருப்பி அனுப்புமாறு அஞ்சல் துறையிடம் பொட்டலம் ஒப்படைக்கப்பட்டது. பொட்டலத்தின் மேல் எழுதப்பட்டிருந்த ஊர் அருப்புக்கோட்டை.

செய்தியைப் படித்தவர்களில் பெரும்பாலோர் சிரித்திருப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அருப்புக்கோட்டை எங்கள் மாவட்டத்து ஊர். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊரின் ஜூலை மாத வெயில் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்தக் குப்பிகள் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் எங்களால் ஓரளவு சொல்ல முடியும். ஏனெனில் அப்படி ஒன்று எங்கள் கண்ணெதிரே நடந்திருக்கிறது. அதில் எங்களுக்கும் பங்குண்டு.

2016ஆம் ஆண்டு. எங்களுள் ஒருவரின் அக்காள் மகன், அப்போது பதினேழு வயது, ராஜபாளையத்தில் தன் அறையில் ஒரு டாரன்டுலாவை வைத்திருந்தான். முழங்கால்கள் செந்நிறமாக இருக்கும் மெக்ஸிகோ இனம். யாரிடம் வாங்கினான் என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அவன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வளர்ப்பு முறை பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்து, “மாமா, இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்றான். படித்துச் சொன்னோம். வெப்பம் 27 டிகிரி. ஈரப்பதம் 80 சதவீதம். இரண்டு எண்கள். வாழ்நாளெல்லாம் புத்தகங்களோடு கிடப்பவர்களுக்கு அச்சில் இருப்பதன்மேல் ஒரு பக்தி உண்டு. அந்த பக்தியோடு, “இதில் உள்ளபடியே செய்” என்றும் சேர்த்துச் சொன்னோம்.

அவன் அப்படியே செய்தான். கண்ணாடித் தொட்டியின் வலைமூடிமேல் பாலிதீன் தாளை ஒட்டினான். முள் சுற்றும் சிறிய ஈரமானி ஒன்றை உள்ளே பொருத்தினான். முள் 80க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் தெளிப்பான் எடுத்து நீர் அடித்தான். ஒரு நாளைக்கு மூன்று முறை, சித்திரை வைகாசியில் ஐந்து முறை. ஆடி பிறப்பதற்குள் தொட்டியின் தேங்காய்நார்த் தூளில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்தது. சிலந்தி தரையில் கால் வைக்க மறுத்துக் கண்ணாடிச் சுவரிலேயே நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒருநாள் கீழே விழுந்து கிடந்தது.

தரைவாழ் சிலந்தி சுவரில் ஏறி நிற்பதன் பொருள் ஒன்றுதான்: தரை அதற்கு ஆகவில்லை. சிலந்தி தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. நாங்கள் தாளைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்த இரண்டு எண்கள் எங்கிருந்து வந்தன என்று பின்னர் யோசித்துப் பார்த்தோம். டாரன்டுலா வளர்ப்புப் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி பிரிட்டன், ஜெர்மனி, வட அமெரிக்கா போன்ற குளிர்தேசங்களில் எழுதப்பட்டது. அங்கே மார்கழி மாதத்தில் வெளியே 5 டிகிரி. அந்தக் குளிர்காற்று நீராவியால் முழுக்க நிறைந்திருந்தாலும் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 7 கிராம் நீரைத்தான் சுமக்கும். அதே காற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து 22 டிகிரிக்குச் சூடேற்றினால் அதன் ஈரப்பதம் 35 சதவீதமாகிவிடுகிறது. நூறு முப்பத்தைந்தானது. ஒரு துளி நீரும் எங்கும் போகவில்லை. காற்றின் கொள்ளளவுதான் பெருகியது. உதடு வெடிக்கும் அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் “நீர் தெளி, மூடி வை, அடியில் சூட்டுப் பாய் போடு” என்று எழுதியது அவர் அறைக்கு ஓரளவு பொருந்தியிருக்கலாம். அந்த வாக்கியம் கடல் தாண்டி ராஜபாளையத்துக்கு வந்தபோது அறையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது. மொழிபெயர்ப்பில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த விபத்து புதிதாக இராது.

சதவீதம் என்ற சொல்லே இங்கே ஏமாற்றுகிறது. ஈரப்பதம் இத்தனை சதவீதம் என்றால், அந்த வெப்பநிலையில் காற்றால் எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அதில் இத்தனை பங்கு என்று பொருள். 27 டிகிரியில் 80 சதவீதம் என்பது கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் நீர். எங்கள் ஊரின் வைகாசி மதியத்தில் மாடி அறை 38 டிகிரிக்குப் போகும். அங்கே ஈரமானி 45 சதவீதம் காட்டினால், அந்தக் காற்றிலும் ஏறக்குறைய அதே 21 கிராம் நீர் இருக்கிறது. முள்ளை 80க்கு ஏற்ற வேண்டுமென்று பையன் நீர் அடிக்கிறான். 38 டிகிரியில் 80 சதவீதம் என்றால் 37 கிராம். சரி, ஏற்றிவிட்டான். இரவில் அறை 28 டிகிரிக்கு இறங்குகிறது. 28 டிகிரிக் காற்றால் 27 கிராமுக்கு மேல் தாங்க முடியாது. மீதிப் பத்துக் கிராம் எங்கே போகும்? கண்ணாடியில் வியர்க்கும், தரையில் இறங்கும், சிலந்தியின் மேலும் படியும். பகலில் எண் சரியாக இருந்ததனாலேயே இரவில் தொட்டி சகதியானது.

இதற்காக வறட்சியைச் சிலந்தி தாங்கும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 38 டிகிரி, 45 சதவீதக் காற்று உறிஞ்சும் வேகம் 27 டிகிரி, 80 சதவீதக் காற்றைவிடப் பல மடங்கு. அந்தக் காற்றில் இன்னும் 25 கிராமுக்கு இடம் காலியாக இருக்கிறது, இதில் ஐந்துக்குத்தான். சிலந்தியின் கால்களில் சில மூட்டுகளை நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடலிலுள்ள குருதியை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் அது காலை நீட்டுகிறது. உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் குறையும்; கால்கள் தாமாக உள்ளே மடங்கும். செத்த சிலந்தி ஏன் எப்போதும் கைப்பிடியாகச் சுருண்டு கிடக்கிறது என்பதற்கும் இதுவே விடை. ஆகவே அதற்கு நீர் வேண்டும். ஆனால் குடிக்க வேண்டும், குளிக்க அல்ல.

மூச்சுக்கு அது வைத்திருக்கும் உறுப்பின் பெயர் எங்களைப் போன்றவர்களைக் கவரக்கூடியது: புத்தக நுரையீரல். பள்ளிப் பாடத்தில் படித்த பெயர்தான். வயிற்றின் அடிப்புறம் நான்கு பிளவுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய ஏடுகள் அடுக்கடுக்காக. ஏட்டுக்குள் குருதி, ஏடுகளுக்கு இடையே காற்று. ஏடுகள் காய்ந்துவிடவும் கூடாது, நனைந்து ஒட்டிக்கொள்ளவும் கூடாது. பழைய நூல்களைப் பாதுகாத்தவர்களுக்கு இந்த நெருக்கடி தெரியும். வெயிலில் ஓலை நொறுங்கும். மழைக்காலத்தில் அறையைப் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். சுவடி காத்த வீடுகளில் ஈரமானி இருந்ததில்லை. எப்போது சன்னலைத் திறக்க வேண்டும், எப்போது எண்ணெய் தடவ வேண்டும் என்று பார்த்துப் பழகிய கை இருந்தது.

ஈரத்தை அளந்து காற்றில் கலப்பதில் ராஜபாளையத்துக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கிய காலம் முதல் இது பஞ்சும் நூலுமான ஊர். காற்று காய்ந்தால் பஞ்சில் மின்னேற்றம் ஏறிச் சிலும்பும், இழை அறும். ஈரம் மிஞ்சினால் உருளையில் சுற்றிக்கொள்ளும். ஆகவே நூற்பாலைக்குள் காற்றை நீரில் கழுவி அனுப்புகிறார்கள். நூற்கும் கூடத்தில் 55 முதல் 60 சதவீதம், நெசவுக்கூடத்தில் அதைவிட மிக அதிகம். பழைய மில்களில் சுவரில் இரட்டை வெப்பமானி தொங்கும். ஒன்றின் குமிழ் வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் நீரில் தோய்ந்த பருத்தித் திரி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில் பார்த்தால் ஈரப்பதம் தெரியும். அந்தத் திரி அழுக்கேறினால் கணக்கு தப்பும் என்பதும், எண்ணைக் காட்டிலும் அறுந்து விழும் இழைகளின் எண்ணிக்கையே முதல் சாட்சி என்பதும் அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மானி என்ன காட்டினாலும் நூல் அறுந்தால் ஏதோ சரியில்லை. அந்த அறிவு பையனின் வீட்டிலேயே இருந்தது. அவன் தாத்தா முப்பது வருடம் மில்லில் இருந்தவர். நாங்கள் அவரைக் கேட்கவில்லை. ஆங்கிலத் தாளைக் கேட்டோம்.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை எதிர்கொண்டாக வேண்டும். நூலுக்காகச் செய்த ஈரத்தில் எட்டு மணி நேரம் நின்று வியர்க்கும் பெண்களைப் பற்றி எழுதாதவர்கள் ஒரு சிலந்தியின் சௌகரியத்துக்காக இவ்வளவு வருந்துவானேன் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். எங்களிடம் இருக்கும் பதில் இது: இரண்டு இடத்திலும் நடப்பது ஒன்றே. ஒரு பொருளுக்கான எண் நிர்ணயமாகிறது. அந்த எண்ணுக்குள் ஓர் உயிர் அடைக்கப்படுகிறது. அந்த உயிருக்கு எழுந்து வேறிடம் போக வழியில்லை. மில்லைப் பற்றித் தனியே எழுதத்தான் வேண்டும். அதற்காகச் சிலந்தியை விட்டுவிட வேண்டியதில்லை.

எழுந்து வேறிடம் போவது என்றோம். இந்த விஷயத்தின் சாரமே அதில் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செண்பகத்தோப்புக்குப் போகும் வழியில் மலையடிவாரத்துப் புளியமரங்களையும் மாமரங்களையும் பார்த்திருப்பீர்கள். வயதான புளிக்கு எங்கேனும் ஒரு பொந்து இருக்கும். வெளியே மதியம் 37 டிகிரி வெயில் காய்ந்தாலும் பொந்துக்குள் அந்தச் சூடு முழுதாகப் புகுவதில்லை. கட்டை சூட்டைத் தடுக்கிறது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்லக் கொடுக்கிறது. வாய்ப்பக்கம் காய்ந்திருக்கும், அடிப்பக்கம் மக்கிய தூளில் ஈரம் இருக்கும். ஒரு முழத்துக்குள் கோடையும் உண்டு, கார்த்திகையும் உண்டு. மரத்தில் வாழும் டாரன்டுலா இந்த ஒரு முழத்தில் மேலும் கீழும் போய்த்தான் பிழைக்கிறது. மதியம் அடியில், இரவில் வாயருகே. மழை இறங்கினால் மேலே. மண்ணில் வளை தோண்டும் இனங்களுக்கும் இதே கணக்கு. மேலே சுடும் மண், இரண்டடி கீழே குளிர். தன் உடலுக்குள் சூட்டைத் தானே உண்டாக்கிச் சமன்செய்யும் வசதி அதற்கு இல்லை. இடம் மாறுவது ஒன்றே அதனிடமுள்ள உபாயம்.

“காட்டில் ஈரப்பதம் 80” என்று எழுதியவர் எந்த இடத்தில் மானியை வைத்தார்? வானிலை நிலையத்தின் எண்ணாக இருக்கலாம். வானிலை நிலையத்தில் சிலந்தி குடியிருப்பதில்லை. அந்த மெக்ஸிகோச் செம்முழங்கால் இனத்தின் தாய்நிலமோ பசிபிக் கரையோரத்து வறண்ட காடு. பாதி ஆண்டு மழையில்லாத பூமி. கரிசலும் செம்மண்ணும் கலந்த எங்கள் வட்டாரத்தைப் பார்த்து அது அவ்வளவாக மிரண்டிருக்காது. மழைக்காட்டுக் காற்றை வரவழைத்து அதன்மேல் ஊற்றியவர்கள் நாங்கள்.

திருவானைக்காக் கதை இங்கே நினைவுக்கு வருகிறது. வெண்நாவல் மரத்தடியில் இருந்த லிங்கத்தின்மேல் சருகு விழாதபடி சிலந்தி ஒன்று மேலே பந்தல் பின்னியது. யானை ஒன்று தினமும் நீர் கொண்டுவந்து ஆட்டி, அந்த நூலை அசுத்தம் என்று அறுத்து எறிந்தது. சிலந்தி மறுபடி பின்னியது; யானை மறுபடி அறுத்தது. முடிவில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன; சிலந்தி கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. சின்ன வயதில் இதைப் பக்திக் கதையாகக் கேட்டோம். இப்போது பார்த்தால், நிழல் தருவதே பணி என்று நினைத்த ஓர் உயிருக்கும் நீர் ஊற்றுவதே பணி என்று நினைத்த ஓர் உயிருக்கும் நடந்த சண்டையாகவும் தெரிகிறது. யானையின் அன்பில் குறையில்லை. பையனின் அன்பிலும் குறையில்லை. புராணச் சிலந்தி வலை பின்னும் ஜாதி, டாரன்டுலா அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறோம். நுணுக்கம் பார்ப்பவர்கள் நம் வாசகர்களில் அதிகம்.

வளர்த்தே தீருவேன் என்பவர் என்ன செய்ய வேண்டும்? எங்கள் எண்ணத்தில், அவர் எண்ணைத் துரத்துவதை விட்டுவிட்டுத் தொட்டிக்குள் ஒரு முழம் பொந்தை உண்டாக்கித் தர வேண்டும். ஒரு பக்கத்து மண்ணை மட்டும் நனைத்து, மறுபக்கத்தைக் காய விட வேண்டும். நீரை மேலிருந்து தெளிக்காமல் ஓரத்தில் ஊற்றி அடிமண்ணில் இறங்கச் செய்தால் மேல்மண் காய்ந்திருக்கும், கீழே ஈரம் நிற்கும். ஆழமில்லாத தட்டில் எப்போதும் குடிநீர் இருக்க வேண்டும். பாலிதீன் கூடவே கூடாது. எதிரெதிர்ப் பக்கங்களில் துளைகள் வேண்டும், காற்று ஊடாடிப் போக வேண்டும். பூஞ்சணத்தை ஈரம் மட்டும் வளர்ப்பதில்லை. அசையாத காற்றும் சேர்ந்துதான் வளர்க்கிறது. உடைந்த மண்சட்டியைப் பாதி புதைத்துக் கவிழ்த்து வைத்தால் நல்ல மறைவிடம். அதன் ஒரு முனையை நனைத்து வைத்தால் பானைத் தண்ணீரைக் குளிரவைக்கும் அதே வித்தை அங்கேயும் நடக்கும். அது நன்றாக நடப்பது எங்கள் ஊர் போன்ற காய்ந்த காற்றில்தான். கடற்கரை ஊர்களில் பானையும் அவ்வளவு குளிர்வதில்லை.

வெப்பத்தைப் பற்றிக் குளிர்தேசத்துக் குறிப்புகளில் பாதியை மறந்துவிடலாம். சூட்டுப் பாய், சூட்டு விளக்கு எதுவும் இங்கே வேண்டாம். மனிதர் விசிறி இல்லாமல் சங்கடப்படாமல் உட்காரக்கூடிய அறை பெரும்பாலான இனங்களுக்குப் போதும். இங்கே ஆபத்து மேல்பக்கத்தில்தான். 35 டிகிரியைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். வெயில் விழும் சன்னலோரம் கண்ணாடித் தொட்டியை வைப்பது அதை அடுப்பில் வைப்பதற்குச் சமம். கான்கிரீட் மாடியிலிருந்து தரைத்தள அறைக்கு இறக்கினாலே சில டிகிரி குறையும். குளிர்சாதனம் போட்டால் அது காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பிழிந்துவிடும் என்பதை நினைவில் வைத்துத் தண்ணீர்த் தட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் தெளிப்பானைப் பரணில் போட்டுவிடலாம். எங்கள் பக்கம் மழை பெரும்பாலும் அப்போதுதான். தென்மேற்குப் பருவத்து மேகத்தை மலை தடுத்துக்கொண்டு காற்றை மட்டும் அனுப்பும். அந்த ஆடிக் காற்று தொட்டியை ஒரே நாளில் காயவைக்கும். ஆண்டு முழுவதற்கும் ஓர் எண் என்பது இந்த ஊரில் எப்படிப் பொருந்தும்?

அமேசான் காட்டுக் கோலியாத் சிலந்திக்கு ஈரம் மிக அவசியம் அல்லவா என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்மை. அதற்கும் வேண்டியது ஈர மண்ணே. நீர் சொட்டும் காற்று அல்ல. அந்த இனத்தை வைகாசி மாதத்தில் ராஜபாளையத்தில் வைத்துக் காப்பாற்ற முயல்வது வீம்பு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

தோலுரிக்கும் நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான தவறுகள் அப்போதுதான் நடக்கின்றன. வாரக்கணக்கில் இரை எடுக்காது. நிறம் மங்கும். பிறகு ஒருநாள் மல்லாந்து படுத்துக் கால்களை மேலே வைத்துக்கொள்ளும். பார்ப்பவர் செத்துவிட்டது என்று நினைத்துக் குச்சியால் தட்டுவார். அல்லது பாவம் காய்ந்துவிட்டது என்று நீர் அடிப்பார். அது சாகவில்லை. பழைய ஓட்டிலிருந்து எட்டுக் கால்களையும் பல்லையும் உருவிக்கொண்டிருக்கிறது. செத்த சிலந்தி பெரும்பாலும் குப்புறக் கால் மடங்கிக் கிடக்கும். மல்லாந்து கிடப்பது வேலையில் இருக்கிறது. அப்போது அதற்கு முன்பே குடித்து வைத்த நீர்தான் உதவும். மேலே விழும் நீர் உதவாது. உரித்து முடித்தபின் உடல் வெண்ணெய் போல மென்மையாக இருக்கும். சில நாட்களுக்கு இரைக்கென்று விடும் பூச்சியே அதைக் கடித்துவிடக்கூடும். இந்தப் பருவத்தில் வளர்ப்பவர் செய்யத்தக்க மிகச் சிறந்த காரியம் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்வது. அதுதான் பதினேழு வயதில் யாருக்கும் வராது. எங்களுக்கு ஐம்பதிலும் வரவில்லை.

மலையிலிருந்து பிடித்து வந்து வளர்க்கலாமே, அதற்கு இந்த ஊர்க் காற்று பழக்கம்தானே என்று சொல்பவர்களும் உண்டு. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து கிடையாது. கூடாது. மரத்தில் வாழும் வரிச்சிலந்திகளான பொயிசிலோதீரியா பேரினம் உலகிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருப்பது. அதில் ஓர் இனத்தை 2004இல் ராமேசுவரத்திலிருந்து விவரித்தார்கள். அங்குள்ள அனுமன் கோயிலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 2008இல் அது அழிவின் விளிம்பில் உள்ளதாக உலகப் பட்டியலில் ஏறிவிட்டது. அதே பேரினத்து நீலச்சிலந்தியின் கதை இன்னும் விசித்திரம். 1899இல் ஆந்திரத்தின் கூத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்துப் போக்காக் என்ற ஆய்வாளர் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு நூறாண்டு காலம் யாரும் அதைக் கண்டதாகப் பதிவில்லை. கடைசியில் நந்தியால், கித்தலூர் மலைக்காட்டில் தெரிந்தது. இன்று ஐரோப்பிய வளர்ப்பாளர்களின் பெட்டிகளில் அது பெருகிக் கிடக்கிறது. அதன் மரங்களோ வெட்டுப்பட்டு வருகின்றன. பெட்டிக்குள் சரியான ஈரத்தை அமைக்கத் தெரிந்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மரத்தை நிற்க விடத் தெரிந்தவர்கள்தாம் குறைவு.

2019இல் இந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையான சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மெக்ஸிகோச் செம்முழங்கால் அதற்கு வெகுகாலம் முன்பே அதில் இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டீஸ் பட்டியல் உயிர்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிய வேண்டும் என்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலையோ 1988 முதல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயம்; 2021இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆனது. அங்கிருந்து அனுமதியின்றி எந்த உயிரை எடுத்தாலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், பெண் சிலந்தி பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஒரு பொந்திலிருந்து அதை எடுத்தால் வெறுமையாவது அந்த ஒரு பொந்து மட்டுமல்ல. அது இட்டிருக்கக்கூடிய முட்டைகளும் போகின்றன.

அந்தப் பையனுக்கு இப்போது இருபத்தேழு வயதாகப் போகிறது. தொட்டி வெகுநாள் பரணில் கிடந்தது. சிலந்தி செத்த மறுவாரம் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறோம். என்ன பிசகு என்று அவன் தாத்தாவிடம் போய் நின்றான். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. ஈரமானியைக் கொண்டுவரச் சொன்னார். சின்ன மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கூழாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, மானியையும் அதையும் ஒரே டப்பாவில் வைத்து இறுக மூடச் சொன்னார். நனைந்த உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை எப்போதும் 75 சதவீதத்தில் நிறுத்தும். அதில் வைத்த மானி 75 காட்டினால் நல்ல மானி. இரவு முழுக்க டப்பா சமையலறைத் திட்டில் இருந்தது. காலையில் நாங்களும் போயிருந்தோம். பையன்தான் திறந்தான். முள் 58இல் நின்றது.

தாத்தா 75இலிருந்து 58ஐக் கழித்துச் சொன்னார். பிறகு, தொட்டியில் முள்ளை எதுவரை ஏற்றுவாய் என்று கேட்டார். எண்பது என்றான். அவர் கூட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உப்பை எடுத்துக் கொட்டப் போனார்.